கண்ணாடி முறியும் சத்தம்

மூன்றாவது கல்லைச் சாய்த்து நிறுத்திவிட்டு, முழங்கைவரை நனைந்த கையைத் தொட்டியிலிருந்து உருவும்போது சத்தம் கேட்டது. டக். ஒரே ஒரு தடவை. காய்ந்த, சுத்தமான சத்தம்.

கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். உப்புத்தண்ணீர் முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. தொட்டியில் நூற்றெண்பது லிட்டர். விரிசல் விட்டுவிட்டதென்றால் கூடம் முழுக்கக் கடல்தான். கீழ்வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு மேலே வருவார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"கேட்டுச்சா?"

"ம்."

"விரிசலா?"

நான்கு மூலைகளிலும் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். சிலிக்கான் பூசிய இடமெல்லாம் காய்ந்திருந்தது. தொட்டிக்கு அடியில் கிடந்த தெர்மாகோல் அட்டையைக் கிள்ளிப் பார்த்தார். அதிலும் ஈரமில்லை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம எப்படிச் சத்தம் வரும்?" அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது விரிசல் சத்தம் இல்லங்க. கண்ணாடிய முறிக்கிற சத்தம். தினம் தம்பி கடைக்குச் சோறு கொண்டுபோய்ப் பக்கத்துல நின்னவ நான். எனக்குத் தெரியாதா?"

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

அவள் தம்பி போய் அன்றைக்கு ஏழு வாரம்.

தொட்டி அவன் செய்தது. கடைத்தெருவில் அவனுக்குக் 'கண்ணாடி' என்றுதான் பேர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவன். உள்ளே ஓர் ஆள் தும்மினால் ஏதாவது உடையும், அவ்வளவு சின்னக் கடை. முப்பத்தாறு வயது, தனிக்கட்டை, அக்கா வீட்டில்தான் சாப்பாடும் தூக்கமும். முப்பது வயதிலேயே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. "ரெண்டு பேரும் சொல்லிவச்சு வேலைய விட்டுட்டானுங்க மாமா, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லல" என்பான்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஒரு பாட்டிலில் மார்க்கரால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தான். மதியக் கோடு பதினோரு மணிக்கே தீர்ந்துபோகும். பிறகு ஐஸ்கட்டி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாடிக்கையாளரிடம் கொழகொழவென்று விலை பேசுவான். இப்படிப்பட்டவன் ஒருநாள், கூடத்தில் கடல்மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்றான்.

"மீன்தான் வேணும்னா சாதாரணத் தண்ணித் தொட்டி வையேன்டா. செலவு கம்மி" என்றாள் அக்கா.

"நல்ல தண்ணின்னா என்னைக்காவது ஒருநாள் குனிஞ்சு குடிச்சிடுவேன்க்கா. இது குடிக்க முடியாத தண்ணி. எனக்குன்னே செஞ்சது."

புதுத்தொட்டி வாங்க வசதி இல்லை. மூடிப்போன துணிக்கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடி, பத்து மில்லிமீட்டர் கனம், ஓரம் சிதைந்து குப்பையோடு கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி ஐந்து துண்டாக வெட்டினான். வெட்டும்போது மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். கட்டரால் ஒரே இழுப்பில் ஒரு கீறல். பிறகு மேஜை விளிம்பில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓர் அழுத்து. டக்.

"கீறினா அந்தச் சூட்டோட முறிச்சிடணும் மாமா. ஆற விட்டீங்கன்னா கண்ணாடிக்குக் கோடு மறந்துபோயிடும். அப்புறம் அது இஷ்டத்துக்குத்தான் போகும்."

மாமா தலையாட்டினார். அவருக்குக் கண்ணாடி தெரியாது. அவருக்குத் தெரிந்தது தண்ணீர். அதே ஊர் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. தரை துடைக்கச் சேர்ந்தவர், மெஷின் கழுவப் பழகி, பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனார். உடம்பில் தேங்கிய தண்ணீரை இழுத்துவிடுபவர் என்பதால் நோயாளிகள் அவரைத் 'தண்ணிக்காரர்' என்று கூப்பிடுவார்கள். கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் யாரோ இந்தப் பேரைப் போட்டுக்கொடுக்க, மாமனார் ஒரு வாரம் சாராயக்கடை சாராயக்கடையாக ஏறி விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார். வேலையில் அவர்மேல் ஒரு சொல் கிடையாது. அவர் எழுதிவைத்த எண்ணை யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை.

மைத்துனன் படுக்கும் கட்டில் நாலாம் நம்பர். செவ்வாய், வியாழன், சனி. காலை ஒன்பது பத்துக்கு மாட்டினால் மதியம் ஒன்று பத்துக்குக் கழற்ற வேண்டும். அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே கூப்பிட்டான்.

"மாமா, இப்பவே கழட்டிவிடுங்க. அலையடிக்கிற பம்ப் பாதி விலைக்குப் போட்டிருக்கான். ஒரு மணிக்குக் கடைய சாத்திடுவான். திங்கக்கிழமை பழைய விலைதான்."

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குடா மாப்ளே."

"நாப்பது நிமிஷத்துல என்ன ஆறா வடிஞ்சிடப் போகுது? செவ்வாய்க்கிழமை சேத்து இழுத்துக்குங்க. ஊர்ல எல்லாத்துக்கும் பாக்குறீங்க, வீட்டு ஆளுக்கு இது கூடவா இல்ல?"

கழற்றிவிட்டார். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடியே அவன் வாசலைப் பார்த்து நடந்தான், ஏறக்குறைய ஓடினான். சீக்கிரம் கழற்றினால் காரணம் எழுத வேண்டும், டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சார்ட்டில் முடிந்த நேரம் ஒன்று பத்து என்று எழுதினார். ஓடிய நேரம்: நாலு மணி.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு முழு நாள். வாரத்தில் நீளமான இடைவெளி அதுதான். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் போவார்கள் என்பது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, ஜன்னல் கண்ணாடி கேட்டு வந்த ஒருவர் அவன் வெட்டு மேஜைமேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். கன்னத்துக்கு அடியில் ஒரு கண்ணாடி. தொட்டிக்கு மூடியாகப் போட வேண்டியது. கீறல் போட்டிருந்தது. முறிக்கவில்லை.

அன்று மாலை வீடு நிறைய ஆட்கள். மனைவி அவரை மட்டும் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"சனிக்கிழமை நாலு மணி நேரமும் முழுசா ஓட்டினீங்கல்ல?"

"ஓட்டினேன்" என்றார்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தினமும் காலையில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்ன பிறகு இந்தக் கூடத்தில் தான் எங்கே உட்காருவோம் என்று யோசிப்பார். இடம் எதுவும் தெரியாது. படியிறங்கிப் போய்விடுவார்.

தொட்டி வெறுமையாகக் கூடத்தில் நின்றது. கீறிய கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்தார்கள். ஆறாவது வாரத்தில் மனைவி சொன்னாள்: "ஒண்ணு இதுல தண்ணிய ஊத்துங்க, இல்ல தூக்கிப் போடுங்க. போக வர பொட்டி மாதிரி இருக்கு." எந்தப் பெட்டி என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் அவர் இரண்டு கேன்களோடு வேலைக்குப் போனார். முதல் ஷிப்டுக்கு முன் குழாய்களை அரைமணி நேரம் சுத்தத் தண்ணீர் விட்டு அலசுவார்கள். மழைத்தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர், அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அதைப் பிடித்தார். "என்ன மாஸ்டர், உள்ள இழுத்த தண்ணியெல்லாம் வீட்டுக்கா?" என்றான் வாட்ச்மேன். ஐந்து நாளில் தொட்டி நிறைந்தது. விளக்கு, அவன் கடைப் பலகைக்கு மேலே இருந்த பழைய டியூப்லைட். கடல் உப்புப் பொடி மட்டும்தான் முழு விலை. 'அதுல மிச்சம் பிடிச்சா மீனத்தான் மிச்சம் பிடிக்க முடியாது' என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

உப்பை அளக்க, பிரிவில் கழித்துப் போட்ட மீட்டர் ஒன்று இருந்தது. டயாலிசிஸ் மெஷினில் ஓடும் தண்ணீருக்கு அது பதினான்கு காட்ட வேண்டும்; ரத்தத்துக்கு ஒத்த அளவு. கடலுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷம் பதினான்கையே பார்த்த கண் அவருடையது. முதல் தடவை ஐம்பத்து மூன்று காட்டியபோது கை தானாகவே சுவிட்சை அணைக்கப் போயிற்று.

பம்ப் பெட்டி தொட்டி நிற்கும் இரும்பு ராக்கின் கீழ்த்தட்டில் இருந்தது. அவர் பம்பை வெளியே எடுத்துக்கொண்டு பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டிக்குள்ள வேற ஏதாவது இருக்கான்னு பாத்தீங்களா?"

"வெறும் காகிதம்தான்" என்றார், பார்க்காமலேயே.

கற்கள் கடைசியாக வந்தன. நகரத்தில் ஒரு பல் டாக்டர் தன் தொட்டியைக் கலைத்துவிட்டார். அதிலிருந்த கற்களை மீன்கடைக்காரர் எடைக்குக் கொடுத்தார். செத்த கல் இல்லை, துளைக்குத் துளை உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் கல். இதைப் போட்டுவிட்டு ஒரு மாதமாவது சும்மா இருக்க வேண்டும், தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் மீன் என்றார். அந்தக் கற்களை வைத்த அன்றுதான் முதல் சத்தம்.

அதன்பின் தினமும் கேட்டது. பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணி வாக்கில். ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. மீன் இல்லாத, அசைவே இல்லாத தொட்டி. சாம்பல் நிறக் கல், வெள்ளை மணல், பம்ப் கிளப்பும் மெல்லிய அலை. அதற்குள்ளிருந்து யாரோ கண்ணாடி முறித்தார்கள்.

ஷிப்ட் முடிந்து படியேறும்போது மேலே பேச்சுக்குரல் கேட்கும். அவள் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பாள்.

"...உன் கடைய ஒரு செருப்புக்காரன் எடுத்திருக்கான்டா. பலகைய இன்னும் கழட்டல. செருப்புக் கடையில கண்ணாடின்னு எழுதியிருக்கு, உள்ள போனவன்லாம் முகத்தத் தேடுறான்..."

சிரிப்பாள். பிறகு கொஞ்சம் இடைவெளி விடுவாள், பதிலுக்கு இடம் விடுகிற மாதிரி. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்ப்படியிலேயே நிற்பார். உள்ளே போனால் இரண்டு பேர் பேசும் இடத்தில் மூன்றாம் ஆளாக நுழைவதுபோல் இருக்கும்.

மீன்கடைக்காரரிடம் கேட்டார்.

"அதுவா? சுடுற இறால் சார். ஒரு கொடுக்கு மட்டும் பூதாகாரமா இருக்கும். அதை மூடினா துப்பாக்கி வெடிச்ச மாதிரி கேக்கும். கல் பொந்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்திருக்கு. பல் டாக்டர்ட்ட வந்தவன்ல பாதிப் பேரு இதைக் கேட்டுத்தான் எந்திரிச்சு ஓடியிருப்பான். பிடிச்சுக் குடுக்கவா?"

"வேணாம். இருக்கட்டும்."

அன்று விளக்கு போடும் நேரம் குத்தவைத்துப் பார்த்தார். இரண்டாவது கல்லின் பொந்திலிருந்து நூல்போல இரண்டு சிவப்பு மீசைகள் நீண்டு, ஆடி, உள்ளே போயின. மனைவி சமையலறையில் இருந்தாள். அவர் கூப்பிடவில்லை. ஒன்றை மறைத்தவருக்கு இரண்டாவதை மறைப்பது பழகிய வேலையாக இருந்தது.

இறால்தான் என்று தெரிந்தும் பிரயோஜனமில்லை. சத்தம் வரும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். வேலையிடத்திலும் தொடர்ந்தது. ரத்தக் குழாய்களை அடைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒரு நாளைக்கு நூறு தடவை டக் டக்கென்று விழும். இருபத்திரண்டு வருஷமாகக் காதில் ஏறாத சத்தம். இப்போது ஒவ்வொன்றுக்கும் நாலாம் நம்பர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அதில் பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்த ஒருவர் படுத்திருந்தார். "என்ன தண்ணிக்காரரே, நான் இருக்கேனா போயிட்டேனான்னு பாக்குறீரா? போனா ஹாரன் அடிச்சிட்டுத்தான் போவேன்" என்றார். தண்ணிக்காரர் கடைசி நிமிஷம் தீரும்வரை ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார். மெஷின் கத்தி ஓய்ந்த பிறகும் ஒரு நிமிஷம் நின்றார்.

கூட வேலை செய்பவர் விடுப்பில் போக, பத்து நாள் இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டிவந்தது. தொட்டியை மனைவியிடம் ஒப்படைத்தார். சிவப்பு மூடிக் கேனில் சுத்தத் தண்ணீர், நீல மூடிக் கேன்களில் உப்புக் கலந்த தண்ணீர், பிறகு தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கு. தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். "தண்ணி தினம் அரை விரக்கடை வத்தும். கோடு வரைக்கும் சிவப்பு மூடியில இருந்து ஊத்திடு." காலையில் போகும்போது அவசரமாக ஒரு பார்வை பார்ப்பார். கோட்டளவில் சரியாக நின்றது. நிம்மதியாகப் போவார்.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, அவருக்கு விடுமுறை. பத்து மணிக்கு எழுந்து வந்தபோது மனைவி தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா சத்தமே இல்லங்க."

"நாளைக்குக் கேக்கும்."

"கூப்பிட்டுக்கூடப் பாத்தேன்."

அவர் குனிந்தார். பொந்தில் மீசை தெரியவில்லை. கல்லின்மேல் பூத்திருந்த சின்னச் சின்ன வெண்புழுக்கள் சுருண்டு கிடந்தன. மீட்டரை எடுத்து முனையைத் தண்ணீரில் விட்டார். எண்கள் ஏறி நின்றன. 59.8.

துடைத்துவிட்டு மறுபடி விட்டார். 59.8.

"என்ன ஊத்தின?"

"தண்ணிதான்."

"எந்தக் கேனு?"

"நீல மூடி."

"சிவப்புன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க." அவள் குரல் சற்றே உயர்ந்தது. "கடலுக்குப் போய் யாராவது நல்ல தண்ணிய ஊத்துவாங்களா? அதுபாட்டுக்கு நாளெல்லாம் குறையுது. கூடவே உப்பும் குறையும்ல? அவன் ஆசைப்பட்டுச் செஞ்சது சப்புன்னு ஆயிடுமேன்னு நல்லதுக்குத்தான் ஊத்தினேன். நீங்க ஏதோ மறந்துபோய் மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. புது நோயாளிகளின் வீட்டாரிடம் பேசும் குரல் தானாக வந்தது. அதே வாக்கியங்களை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"காத்துல போறது தண்ணி மட்டும்தான். உப்பு போகாது. உள்ளயே தங்கிடும். அது மேல நீ இன்னும் உப்ப ஊத்தியிருக்க. வெளியில பாத்தா மட்டம் சரியா இருக்கும். உள்ள மட்டும் ஏறிக்கிட்டே போகும்."

அவள் கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றது.

"பாக்கச் சரியா இருக்கும்."

"ஆமா."

"அவனும் ஞாயித்துக்கிழமை பாக்க நல்லாத்தான் இருந்தான். ஐஸ் கேட்டான். நான்தான் திட்டினேன்."

பம்ப் ஒரே சீராக முனகியது.

"அவனுக்கும் உள்ள ஏறிக்கிட்டு இருந்துச்சா?"

மீட்டர் இன்னும் கையில் இருந்தது. அதை ராக்கின்மேல் வைத்தார். உருண்டு விழாமல் இருக்கப் பக்கத்தில் துண்டால் அணைகட்டினார். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு நாலு மணி நேரம் ஓட்டல" என்றார். "மூணு மணி இருபது நிமிஷம். பம்ப் வாங்கணும்னு கெஞ்சினான். கழட்டிவிட்டுட்டேன். நாலுன்னு எழுதினேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை ராக்குக்கு அடியில் விட்டுப் பம்ப் பெட்டியை இழுத்தாள். உள்ளே மடித்திருந்த ஒரு சிறு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கடை பில். தேதி சனிக்கிழமை. நேரம் பன்னிரண்டு ஐம்பத்தாறு என்று அச்சடித்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை காலையிலதான் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு பத்துக்கு முடியிறவன் எப்படி ஒரு மணிக்கு முன்னாடி கடையில நிப்பான்? பெருசா படிக்கணும்னு இல்லையே இதுக்கு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"அதுக்கு முந்தின நாளே கேட்டேனே! ஓட்டினேன்னீங்க." அவள் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "அதுலயே வச்சேன். பம்ப் எடுக்கும்போது பாப்பீங்க, பாத்துட்டு வாயத் தொறப்பீங்கன்னு. உள்ள என்ன இருக்குன்னும் கேட்டேன். வெறும் காகிதம்னீங்க."

அவர் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த நாப்பது நிமிஷந்தான் அவனக் கொண்டுபோச்சா?"

"தெரியல. நாப்பது நிமிஷம் கொறஞ்சு எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. அன்னைக்கு அவனுக்கு அதுவே போதுமாவும் இருந்திருக்கலாம். சத்தியமாத் தெரியல. தெரியாமயேதான் இருக்கும்."

"அவன் கெஞ்சியிருந்தா நானும்தான் விட்டிருப்பேன். அந்த வாய்கிட்ட யார் தப்பிக்க முடியும்? அது வேற." அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "ஊருக்கு நாலுன்னு எழுதினீங்க, சரி. வீட்டுக்கு வந்து எனக்கும் நாலுன்னீங்க பாருங்க."

சொல்ல ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. மிச்சம் எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு வேகம் வந்தது.

"இன்னொண்ணும் இருக்கு. அந்தச் சத்தம். அது ஒரு இறால். கல்லுக்குள்ள இருக்கு. கொடுக்க மூடுறப்போ அப்படிக் கேக்கும். கடைக்காரர் சொன்னாரு. நானும் மீசையப் பாத்தேன்."

பில்லைக் காட்டியபோது கலங்காத முகம் இப்போது கோணியது.

"இறாலா?"

"ஆமா."

"இறால்கிட்டயா மூணு வாரமா பேசிக்கிட்டு இருந்தேன்? படியில நின்னு கேட்டுக்கிட்டு வேற இருந்தீங்க. செருப்பு சத்தம் நிக்கிறது எனக்குத் தெரியாதா?"

"நீ நிம்மதியா இருந்த..."

"அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றாள். "சொல்ல வேண்டியத விட்டுட்டீங்க. இதைப் போய்ச் சொல்றீங்களே."

எழுந்து உள்ளே போனாள். அழுகைச் சத்தம் கேட்டது. தம்பி செத்த அன்றுகூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை.

அவர் ஒரு குவளையால் தொட்டியிலிருந்து நாலு லிட்டர் மொண்டு வெளியே ஊற்றினார். சிவப்பு மூடிக் கேனிலிருந்து நாலு லிட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு மணி நேரம் பிடித்தது. கேனை மூடும்போது பின்னாலிருந்து அவள் கேட்டாள். முகம் கழுவியிருந்தாள்.

"அவ்வளவுதானா? மொத்தத்தையும் இன்னைக்கே எறக்கிட வேண்டியதுதானே?"

"ஒரேயடியா எறக்கினா உள்ள இருக்கிறது தாங்காது. ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒண்ணேகால். அஞ்சாறு நாள் ஆகும்."

அவள் நீல மூடிக் கேன்களைத் தொட்டிப் பக்கத்திலிருந்து நகர்த்திச் சுவரோரம் வைத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை நாலே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினார். குழாய் அலசும்போது ஒரு கேன் பிடித்தார். நாலாம் நம்பர் கட்டிலில் வேன்காரரை ஒன்பது பன்னிரண்டுக்கு மாட்டினார். மருமகன் வண்டியோடு வந்து நிற்கிறான், பத்து நிமிஷம் முன்னால் விடுங்கள் என்று அந்த மனிதர் கேட்டார். முடியாது என்றார். "நல்ல தண்ணிக்காரர்யா நீர்" என்று வேன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஒன்று பன்னிரண்டுக்குக் கழற்றி, ஒன்று பன்னிரண்டு என்று எழுதினார்.

பொறுப்பாளர் அம்மாவிடம் போய், பத்து வாரத்துக்கு முந்தைய ஒரு சார்ட்டில் நேரம் தவறாக எழுதியிருப்பதாகச் சொன்னார். யாருடையது என்று கேட்டார்கள். சொன்னார். அந்தக் கோப்பு பதிவறைக்குப் போய்விட்டது, எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன், என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்றார்கள். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி மேஜைமேல் போர்வையை மடித்துப் போட்டு, செய்தித்தாளைப் பிரித்துக் கீறிய கண்ணாடியை வைத்திருந்தாள். மூடி இருந்தால் தண்ணீர் இவ்வளவு வற்றாதல்லவா என்று கேட்டாள். வற்றாது என்றார். அவள் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் விளிம்பில் கோட்டை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். முதலில் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். டக் என்று முறிந்தது. மூன்றில் ஒரு பங்கு கோட்டோடு போய், அதன்பின் கோட்டை விட்டு விலகி வளைந்து போயிருந்தது. மூடியின் ஒரு மூலையில் கை நுழையும் அளவு இடைவெளி. கொசுவலைத் துண்டு ஒன்றை மடித்து அதை அடைத்தார்கள்.

நாலு மணிக்குத் தொட்டியில் சத்தம் எதுவும் இல்லை. ஐந்து மணிக்கும் இல்லை.

நாலு லிட்டர் மொண்டு, நாலு லிட்டர் விட்டார். மீட்டரைத் தண்ணீரில் விட்டு, நோட்டில் தேதி போட்டு 57.3 என்று எழுதினார். மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு மீட்டரையும் வாங்கி, முனையைத் தண்ணீரில் விட்டு, எண்கள் நிற்கும்வரை காத்திருந்து பார்த்தாள். சரியாக இருந்தது. இரண்டையும் ராக்கின்மேல் வைத்துவிட்டுச் சோறு எடுத்துவைக்கப் போனாள்.